கல்லறைச் சுவருக்கும் தேதி உண்டு

அவிநாசியிலிருந்து கோவை போகும் நெடுஞ்சாலையில் வரும் ஊர் கருமத்தம்பட்டி. சோமனூர் விசைத்தறிகளுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் தினமும் ஆள் போய்வரும் ஊர். அங்குள்ள செபமாலை அன்னை ஆலயம் கொங்குப் பகுதியின் மிகப் பழைய கத்தோலிக்கப் பங்குகளில் ஒன்று. 17ஆம் நூற்றாண்டில் வேர் பிடித்தது. மைசூர்ப் போர்க் காலத்தில் கோயில் இடிக்கப்பட்டது, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபே துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அதை மறுபடி எழுப்பினார் என்று பங்கின் வரலாறு சொல்கிறது. இதே ஊரில்தான் 1846 அக்டோபர் 4 அன்று மெல்கியோர் தெ மரியோன் பிரேசியாக் என்ற 32 வயதுப் பிரெஞ்சுக்காரர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கோயம்புத்தூர் மிஷன் அவர் பொறுப்பில் இருந்தது. ஒன்பது ஆண்டுகளில் பதவியை விட்டு விலகிப் போனார். விலகியதற்கான காரணங்களில் முக்கியமானது சாதி.

பிரேசியாக்கை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. சுடுகாட்டுப் பிரச்சினை என்று எந்த ஊருக்குப் போனாலும் எங்களுக்குக் கிடைக்கும் முதல் பதில் ஒன்றுதான்: "காலங்காலமா இப்படித்தானுங்க." ஊர்ப் பெரியவர் சொல்வார். விஏஓ சொல்வார். சில வளவுகளில் நம் ஆட்களே சொல்வார்கள். யாரும் முடிவு செய்யவில்லை, மழை வெயில் போல அதுவாக வந்தது என்கிற மாதிரி. ஆனால் கல்லறைத் தோட்டத்தின் வரலாற்றைத் தோண்டினால் தெரிவது வேறு. யார் எங்கே புதைக்கப்பட வேண்டும் என்பது ஒவ்வொரு முறையும் யாரோ சிலர் உட்கார்ந்து எடுத்த முடிவு. அதற்கு ஆண்டு உண்டு. பல நேரங்களில் கையெழுத்தும் உண்டு. கிறித்தவ மிஷன்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது வசதி. இந்துக் கிராமத்தின் மயானம் இந்தளவு காகிதம் விட்டுப்போகவில்லை.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி, காவி கட்டி, பூணூல் போட்டு, பிராமண சன்னியாசியாக வாழத் தொடங்கினார். மேல் சாதியினரை மதத்துக்குள் கொண்டுவர அதுவே வழி என்பது அவர் கணக்கு. பூணூலும் குடுமியும் மதச் சின்னங்களா, சமூக அடையாளங்களா என்று சர்ச்சை கிளம்பி, 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அவற்றை அனுமதித்தார். தாழ்த்தப்பட்டோருக்கு என்ன வழி? 1640 வாக்கில் 'பண்டாரசாமி' என்ற இன்னொரு வகைக் குருக்கள் உருவானார்கள். ஓரியூரில் 1693இல் கொல்லப்பட்ட அருளானந்தர், அதாவது ஜான் தெ பிரிட்டோ, அப்படி ஒரு பண்டாரசாமிதான். ஒரே மதம், ஒரே சபை, இரண்டு வரிசைக் குருக்கள்.

இதில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் சாவு. சாகக் கிடக்கிற பறையரின் குடிசைக்குள் பிராமண வேடத்துக் குரு நுழைய முடியாது. நுழைந்தால் மற்ற சாதியினர் அவரை ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே நோயாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓரிடத்துக்கு வர வேண்டும். அங்கேதான் கடைசிப் பூசுதல். உயிர் போகிற நேரத்தில் ஒரு மனிதரைக் கட்டிலோடு தூக்கி வெயிலில் வைப்பது எப்படி இருந்திருக்கும் என்று அந்தக் குடும்பங்கள் எழுதி வைக்கவில்லை. எழுதியவர்கள் எல்லாம் குருக்கள்.

ரோமிலிருந்து அனுப்பப்பட்ட தூதர் தெ தூர்னோன், 1704 ஜூனில் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். அதில் தடை செய்யப்பட்ட வழக்கங்களில் இதுவும் ஒன்று: குருக்கள் பறையர் வீடுகளுக்குள் போய்த்தான் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். மிஷனரிகள் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படிச் செய்தால் மேல் சாதிக் கிறித்தவர்கள் எல்லோரும் போய்விடுவார்கள் என்று 40 ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் 'ஒம்னியும் சொலிசிதூதினும்' என்ற ஆணையில் விவகாரத்தை முடித்தார். பழைய தடைகள் நிலைத்தன. கூடவே ஒரு சமரசம் வந்தது: பறையர்களுக்கு என்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளலாம். பிரச்சினை தீர்ந்துவிட்டதாம். வீட்டுக்குள் குரு வருவார், ஆனால் அவர் உங்களுக்கான குரு. இன்று ஊராட்சி அலுவலகத்தில் "உங்களுக்குத்தான் தனியா சுடுகாடு ஒதுக்கிட்டோமே" என்கிறார்களே, அந்த வாக்கியத்தின் பாட்டன் இந்த 1744 சமரசம்.

துபுவா 1792இல் இந்தியா வந்தவர். இந்துக்களின் பழக்கவழக்கங்கள் பற்றிய அவருடைய புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியை கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. 1816இல் ஆங்கிலத்தில் வந்தது. பறையர்களின் அடிமை நிலையைக் கண்ணால் கண்டு எழுதியவர், சாதி அமைப்பை இந்துக்களின் சட்ட அறிவுக்கு உச்ச உதாரணம் என்றும் அதே புத்தகத்தில் மெச்சுகிறார். நம் பகுதியின் பழைய கோயிலை மறுபடி கட்டிய கைகளின் பார்வை இது. பிரேசியாக் அந்தப் பார்வையைச் சுமக்க முடியாமல் திணறியவர். 1744 ஆணைக்குக் கீழ்ப்படிவதாக ஒவ்வொரு மிஷனரியும் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் ஒருபக்கம், கண்முன் நடக்கும் சாதி வழக்கங்கள் மறுபக்கம். எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்வது என்பதில் சக மிஷனரிகளோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. உள்ளூர்க் குருக்களை வளர்த்தெடுக்க வேண்டும் என்ற அவருடைய பிடிவாதமும் பலருக்குப் பிடிக்கவில்லை. ரோமிடம் தெளிவு கேட்டார். கிடைத்த பதில்கள் போதவில்லை. 1855இல் விலகல். அடுத்த ஆண்டு லியோனில் ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் போய் இறங்கியவர், ஆறே வாரத்தில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். அவரை சாதி ஒழிப்புப் போராளியாக்க வேண்டாம். அவருடைய கவலை பெரும்பாலும் தன் மனசாட்சியையும் திருச்சபைச் சட்டத்தையும் பற்றியது. ஆனாலும் இது பொறுக்கத்தக்கதா என்ற கேள்வியை கருமத்தம்பட்டியில் உட்கார்ந்து ஒரு ஆயரே 170 ஆண்டுக்கு முன் கேட்டிருக்கிறார் என்பது "காலங்காலமா இப்படித்தானுங்க" என்பதற்கு நல்ல பதில்.

சுவர்களுக்கு வருவோம். திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கத்தோலிக்க ஆலயம் இரண்டு கால் விரித்த காற்சட்டை போன்ற அமைப்பு. ஒரு காலில் வேளாளர், மறு காலில் நாடார். இருவருக்கும் பீடம் தெரியும், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டாம். 1910இல் திருச்சபையே தடுப்பை எடுத்தது. வேளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. கோயிலுக்குள் சாதிக்கென்று தனி இடம் கேட்பது சட்டம் காக்கும் உரிமை ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். வெள்ளைக்காரன் காலத்து நீதிமன்றம், அரசமைப்புச் சட்டம் எழுதுவதற்கு முன்பே சொன்னது இது. நம் சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்த மைக்கேல் பிள்ளை எதிர் பார்த்தே வழக்கைத் தேடிப் படிக்கலாம்.

கோயிலுக்குள் இருந்த சுவர் போனது. கல்லறைத் தோட்டத்துச் சுவர் போகவில்லை. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே தலித் கிறித்தவர்களின் கல்லறைகளைப் பிரிக்கும் சுவர் பற்றி இதைப் படிக்கிற பலருக்குத் தெரியும். 2010இல் போராட்டக்காரர்கள் அதன் ஒரு பகுதியை இடித்தார்கள். பீடத்துக்கு முன்னால் சமமாக மண்டியிட்டவர்கள் மண்ணுக்குள் போனதும் மறுபடி பிரிகிறார்கள் என்றால், வடக்கன்குளத்தில் இடித்தது சுவரை மட்டும்தானா?

விழுப்புரம் பக்கம் எறையூரில் 2008இல் நடந்தது இன்னும் கடுமை. அங்கும் செபமாலை அன்னை ஆலயம்தான். இறுதி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம், சவ வண்டி யாருக்கு, கல்லறை எங்கே என்று தலித் கிறித்தவர்கள் பட்டியல் போட்டுக் கேட்டார்கள். சமத்துவம் கிடைக்காது என்று தெரிந்தபின், எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்றார்கள். மார்ச் 9 அன்று வன்னியக் கிறித்தவர்கள் தலித் குடியிருப்பைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் இருவர் இறந்தார்கள். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதைத் தன் கொள்கை ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டது. 2025 பிப்ரவரியில் கோட்டப்பாளையம் பங்கின் தலித் கிறித்தவர்கள் போட்ட மனுவில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. அந்த மனுவிலும் தனிக் கல்லறை பற்றிய குற்றச்சாட்டு உண்டு.

இவர்கள் ஏன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நேராக வழக்குப் போடவில்லை என்று முதலாண்டு மாணவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. 2015இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டத்தின் 3(1)(za) பிரிவு, புதைக்கும் இடத்தையும் எரிக்கும் இடத்தையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஆனால் பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக முடியாது என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் மயானத்தைத் தெளிவாகக் குறிப்பிடுகிறது. ஆனால் அதிலும் பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி என்றால்தான் தீண்டாமையே காரணம் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும். ஆக, சுவருக்கு அந்தப்பக்கம் புதைக்கிற சபைக்கு இவர் பறையர் என்று தெரிகிறது. சட்டத்துக்கு மட்டும் தெரியவில்லை.

சத்தீஸ்கரின் பஸ்தரில் 2025 ஜனவரியில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். மகரா சாதியைச் சேர்ந்த ஒரு கிறித்தவப் போதகர் இறந்தார். அவருடைய சொந்த ஊரில் முன்னோர் புதைக்கப்பட்ட இடத்தில் புதைக்க ஊர்க்காரர்கள் விடவில்லை. உடல் பிணவறையில் கிடக்க, மகன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 20 நாள் கழித்து ஜனவரி 27 அன்று இரு நீதிபதிகள் இரு விதமாகத் தீர்ப்பெழுதினார்கள். நீதிபதி நாகரத்னா குடும்பத்தின் சொந்த நிலத்தில் புதைக்கலாம் என்றார். நீதிபதி சதீஷ் சந்திர சர்மா ஒதுக்கப்பட்ட கிறித்தவ இடுகாட்டில்தான் என்றார். உடல் இதற்கு மேல் காத்திருக்கக் கூடாது என்பதால், 20 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த கிறித்தவ இடுகாட்டில் புதைக்கச் சொல்லி முடித்தார்கள். இங்கே தடுத்தது சபை அல்ல, ஊர். மதம் மாறினாலும் மாறாவிட்டாலும் நம் ஆளின் பிணத்துக்கு ஊருக்குள் இடமில்லை.

இந்த இடத்தில் அயர்லாந்துக்குப் போய்விட்டு வருவோம். நம் வாதத்துக்கு உதவுகிற ஒரு கதை அங்கே இருக்கிறது.

அயர்லாந்தின் நாட்டுப்புறங்களில் கூரை போய், சுவர் மட்டும் நிற்கிற பழைய கோயில்களைச் சுற்றிக் கல்லறைகள் நிறைந்து கிடக்கும். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசு மதம் மாறியபோது ஊர்க் கோயில்களும் அவற்றின் நிலமும் புராட்டஸ்டன்ட் அரசுத் திருச்சபையின் கைக்குப் போயின. பெரும்பான்மை மக்கள் கத்தோலிக்கராகவே இருந்தார்கள். பல கோயில்கள் கவனிப்பாரின்றி இடிந்தன. ஆனால் அப்பன், பாட்டன் கிடக்கிற மண் என்பதால் கத்தோலிக்கர்கள் அந்த இடிபாடுகளைச் சுற்றியே புதைத்துக்கொண்டிருந்தார்கள். புதைக்கலாம்; கத்தோலிக்கக் குரு குழியருகே நின்று சத்தமாகச் செபம் சொல்லக் கூடாது. நிலம் அவர்களுடையது, அனுமதி அவர்களுடையது. 1823இல் டப்ளினில் புனித கெவின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு அடக்கம் நடந்தது. குரு மைக்கேல் பிளேக் செபம் சொல்லத் தொடங்கியபோது கோயில் ஊழியர் வந்து தடுத்தார். அந்தக் குழியருகே எழுந்த கோபம் ஊரெல்லாம் பரவியது. வழக்கறிஞர் டேனியல் ஓகானல் சட்டத்தைப் புரட்டி, செபத்தைத் தடுக்க அடிப்படை இல்லை என்று வாதாடினார். பிறகு இன்னொரு படி போய், நமக்கென்று நிலம் வாங்குவோம் என்றார். 1829இல் கோல்டன்பிரிட்ஜ், 1832இல் கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டங்கள் திறந்தன. இன்று கிளாஸ்னெவினில் புதைந்திருப்பவர்கள் பத்து லட்சத்துக்கு மேல்.

இதைக் கேட்டதும் "அப்படியானால் நாமும் தனியாக வாங்கிக்கொள்வோம்" என்று சொல்லத் தோன்றும். எறையூர்க்காரர்கள் தனிப் பங்கு கேட்டதும் அந்த மனநிலையில்தான். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் கிளாஸ்னெவினின் கதவு எல்லா மதத்தாருக்கும் மதமே இல்லாதவருக்கும் திறந்திருந்தது. ஒதுக்கப்பட்டவர்கள் கட்டிய பொது இடம் அது. நமக்கோ தனி இடத்துக்குப் பஞ்சமில்லை. கொங்கு நாட்டில் எந்த ஊரிலும் "உங்களுக்கு" என்று ஒரு மேடு, ஒரு ஓடைக்கரை ஏற்கெனவே காட்டப்பட்டிருக்கிறது. நமக்கு இல்லாதது பொது இடமும், அதற்குப் போகும் வழியும்.

அயர்லாந்தையும் புனிதப்படுத்த வேண்டாம். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளை அதே கத்தோலிக்கர்கள் புனித மண்ணுக்குள் விடாமல், 'கில்லீன்' என்று சொல்லப்படும் தனி இடங்களில், எல்லைக் கரைகளிலும் இடிபாடுகளின் ஓரத்திலும், பெரும்பாலும் பெயர்கூட இல்லாத கற்களின் கீழ் புதைத்தார்கள். ஒடுக்கப்பட்ட கூட்டமும் தனக்குள் ஒரு கோடு கிழிக்கும். இது நமக்கும் பொருந்துகிற பேச்சு. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்து 1972இல் வெளியிட்ட கொங்கு பற்றிய புத்தகத்தில், ஊர் எப்படி வலங்கை, இடங்கை என்று பிரிந்திருந்தது என்று விரிவாக எழுதியிருக்கிறார். பறையர் வலங்கை, மாதாரி இடங்கை. அந்தப் பிரிவின் பெயர் மறைந்துவிட்டது; சுடுகாட்டில் அதன் மிச்சம் இருக்கிறது. பறையர் இடத்தில் அருந்ததியரைப் புதைக்க விடாத ஊர்களை மறைத்துக்கொண்டு பொது மயானம் கேட்க நமக்குத் தகுதி கிடையாது. கவுண்டர் வீட்டு இழவுக்குச் சேதி சொல்லி, பறையடித்து, குழி வெட்டியவர் அருந்ததியர். அவர் வெட்டிய குழியில் மற்றவர் கிடக்க, அவருக்குக் குழி இட்டேரியின் கடைசியில், மழை பெய்தால் தண்ணீர் நிற்கிற பள்ளத்தில்.

திருப்பூர் வட்டாரத்தில் இது வேறொரு வடிவம் எடுத்திருக்கிறது. காடு தோட்டமாக இருந்தவரை பிணம் வரப்பில் போனால் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அந்தக் காடு சைட் ஆனது. சைட்டில் பிரிண்டிங் பட்டறையும் நிட்டிங் கம்பெனியும் குடோனும் வந்தன. கம்பி வேலி வந்தது. சுடுகாடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்குப் போகும் வழி காணாமல் போயிற்று. தென் மாவட்டங்களிலிருந்து வந்து லைன் வீடுகளில் இருக்கும் தலித் குடும்பங்களுக்கு இன்னொரு கஷ்டம். வீட்டு ஓனர் பிணத்தை வாசலில் வைக்க விடமாட்டார். உள்ளூர் மயானத்தில் யார் என்ன என்று கேட்பார்கள். எனவே ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வாடகை ஆம்புலன்ஸ் பிடித்து 300 கிலோமீட்டர் சொந்த ஊருக்கு. 20 ஆண்டு ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து இந்த ஊருக்கு டாலர் சம்பாதித்துக் கொடுத்தவருக்கு இந்த ஊரில் ஆறடி கிடையாது; வண்டி வாடகைக்குக் கடன் வாங்க வேண்டும்.

கூலி, வீட்டுமனை, விடுதி என்று இத்தனை இருக்க, செத்தவர்களுக்காக ஏன் இவ்வளவு நேரம் செலவிடுகிறீர்கள் என்று எங்களோடு வேலை செய்யும் மாணவர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். 2020 ஏப்ரல் நினைவிருக்கிறதா? கொரோனாவில் இறந்த சென்னை நரம்பியல் மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கியது. சக மருத்துவர் நள்ளிரவில் கையால் மண் தள்ளிப் புதைத்தார். நாடே வெட்கப்பட்டது. ஒரு வாரத்துக்குள் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, அடக்கத்தைத் தடுத்தால் 3 ஆண்டு வரை சிறை என்றது. சரியான சட்டம்தான். அதற்கு எட்டு மாதம் முன்பு, 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் தலித் ஒருவரின் உடலை, நிலத்துக்காரர் வழிவிடாததால், 20 அடி உயரப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். வீடியோ வெளிவந்தபின் உயர் நீதிமன்றம் தானாக வழக்கெடுத்தது. அவசரச் சட்டம் எதுவும் வரவில்லை. எந்தச் சாவுக்கு அரசு பதறுகிறது, எதற்குப் பதறவில்லை என்பதை வாழ்கிறவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கூலி பேசப் போகும்போது அந்தக் கணக்கு மனதில் இருக்கும்.

2021 டிசம்பரில் நீதிபதி ஆர். மகாதேவன், அருந்ததியருக்கு மயானமும் பாதையும் கேட்டு வந்த வழக்கில், எல்லாச் சாதிக்கும் பொதுவான மயானம் ஒவ்வொரு ஊரிலும் வேண்டும், மயானங்களில் சாதிப் பெயர்ப் பலகைகளை அகற்ற வேண்டும் என்றார். சாதி வேறுபாடில்லாத மயானம் உள்ள சிற்றூர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று அரசும் அறிவித்தது. பரிசு கொடுத்துப் பாராட்ட வேண்டிய அளவுக்கு அது அபூர்வம் என்று அரசே ஒப்புக்கொண்டதாக நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். பலகையைக் கழற்றுவது சுலபம், ஒரு திருப்புளி போதும். கழற்றிய பிறகும் யார் எந்தப் பக்கம் என்பது ஊருக்குத் தெரியும்.

பாதையில்தான் வேலை இருக்கிறது. உங்கள் ஊர் விஏஓவிடம் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மயானம் புறம்போக்காகப் பதிவாகியிருக்கும். சில ஊர்களில் சாதிப் பெயரோடு. அந்தப் பதிவின் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் ஊரின் 1744. அடுத்து, மயானத்துக்குப் போகும் கோடு புலப்படத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டிப்பாதை என்று வரைந்திருந்தால் அது அரசு நிலம். வேலியை எடுக்கச் சொல்ல வட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு, கடமையும் உண்டு. கோடே இல்லை என்றால் நம் ஆட்கள் இத்தனை காலம் பட்டா நிலத்தின் வழியாகப் போயிருக்கிறார்கள் என்று பொருள். அங்கேதான் பெரும்பாலான ஊர்களில் மனு நின்றுபோகிறது. "பட்டா நிலம், ஒன்றும் செய்ய முடியாது" என்பார்கள். முடியும். 20 ஆண்டு தடையின்றிப் பயன்படுத்திய பாதைக்கு 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில் உரிமை கேட்கலாம். அதைவிட நேரான வழி, 1978ஆம் ஆண்டின் 31ஆம் சட்டம், தமிழ்நாடு அரிசன நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம். பெயர் நமக்குப் பிடிக்காத பெயர். ஆனால் வீட்டுமனைக்கு மட்டுமின்றி, புதைக்கும், எரிக்கும் இடத்துக்கும் அதற்குப் போகும் பாதைக்கும் தனியார் நிலத்தை எடுக்க அது வெளிப்படையாக இடம் தருகிறது. வீட்டுமனைக்கு அந்தச் சட்டத்தைக் கேட்டவர்கள் உண்டு. சுடுகாட்டுப் பாதைக்குக் கேட்டவர்களை எங்கள் வட்டாரத்தில் விரல்விட்டு எண்ணலாம்.

மனுவை ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் கொடுங்கள். ஜமாபந்தியில் ஒரு பிரதி கொடுத்து ரசீது வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானமாக வைக்கப் பாருங்கள், மறுத்தால் மறுத்ததை எழுத்தில் கேளுங்கள். "மயானத்துக்குப் பாதை வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். புல எண், உட்பிரிவு எண், எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு, எத்தனை அடி அகலம் என்று எழுதுங்கள். பாடையை நான்கு பேர் தோளில் தூக்கி நடக்க எட்டடி வேண்டும், அமரர் ஊர்தி திரும்ப அதற்கு மேல் வேண்டும். அகலம் எழுதாமல் கொடுத்த மனுவுக்குப் பல இடங்களில் வரப்பைக் காட்டி, பாதை கொடுத்தாயிற்று என்று கோப்பை மூடியிருக்கிறார்கள்.